தண்ணீருக்குள் பறக்கும் குருவிகளை எனக்குக் காட்டாமல் போனவருக்கு

பெயர் சொல்லிக் கூப்பிட்டறியாத என் இஞ்சாருங்கோவுக்கு,

அன்றைக்கு அந்தப் படகில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு ஒருவரும் கதையை மாற்றக்கூடாது. பின்னுக்கு, இயந்திரத்தடியில், யான் என்கிற பிரெஞ்சுப் படகுக்காரன். அவனுக்குப் பக்கத்தில் என் பேத்தி லேயா, அவன் சொல்கிற பிரெஞ்சை எனக்குத் தமிழில் சொல்வதற்காக. நடுப்பலகையில் நானும் மகள் நிர்மலாவும். எங்களுக்குப் பின்னால், மடியில் கயிற்றுச் சுருளோடு, என் தம்பி மரியதாஸ். முன்னுக்கு, எல்லாம் தெரிகிற நல்ல இடமாகப் பார்த்து, அவன் பெண்சாதி திரேசா. மொத்தம் ஆறு பேர். ஏழாவதாக இருக்கவேண்டிய நீங்கள் பியர்ஃபித் கல்லறையில் படுத்திருந்தீர்கள்.

இந்தக் கடிதத்தை உங்கள் ஆண்டு நினைவு மலரில் போடப்போகிறார்களாம். சொந்தக்காரர் எல்லோரும் வாசிப்பார்கள். வாசிக்கட்டும். நாலாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்துப் பிழைகளை நிர்மலா திருத்துவாள். என் ஞாபகத்தை ஒருவரும் திருத்தவேண்டாம்.

உங்களை அடக்கம் செய்த நாளில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. பெட்டியை மூடுவதற்கு முன்னால் மரியதாஸ் தன் கோட்டுக்குள்ளிருந்து ஒரு நீல நைலோன் கயிற்றை எடுத்து உங்கள் காலடியில் வைத்தான். ஆட்கள் செபமாலை வைப்பார்கள், பூ வைப்பார்கள். இவன் கயிறு வைத்தான்.

"என்னடா இது?" என்று கேட்டேன்.

"அத்தாற்றை கயிறு அக்கா."

"என்ன கயிறு?"

அவன் அழுதுகொண்டே சொன்னான். ஒன்பது வருடமாக ஆனி மாதத்தில் நீங்கள் இரண்டு பேரும், என்னிடம் சொல்லிப்போன மாதிரி, லூர்து மாதாவிடம் போகவில்லையாம். பிறெத்தாஞ் கடற்கரைக்குப் போனீர்களாம். அங்கே ஒரு செங்குத்துப் பாறையில் கடற்பறவைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்குமாம். அவை தண்ணீருக்குள் பாய்ந்து மீன் பிடிப்பதைப் பார்ப்பதற்காக நீங்கள் முகமூடி போட்டுக் கடலில் இறங்குவீர்களாம். இவன் கயிறு பிடிப்பானாம்.

அந்தக் கயிற்றைப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்து அவன் நெஞ்சிலேயே எறிந்தேன். "இனி என்ரை வீட்டுப் படி மிதியாதை" என்றேன். பாதிரியார் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

ஏன் எறிந்தேன் என்று வாசிக்கிற இளசுகளுக்குத் தெரியாது. ஊரில், எங்கள் கரையில், சங்கு குளிக்க இறங்குகிறவனின் கயிற்றை அவன் மனைவியின் சகோதரன்தான் பிடிப்பான். கூடப்பிறந்தவன் பிடிக்கமாட்டான், கூட்டாளி பிடிக்கமாட்டான். சொந்தச் சகோதரியின் தாலியைக் கடலில் விட எவனுக்கும் மனம் வராது என்பதுதான் நியாயம். என்னைப் பெற்ற அப்பு கடைசியாக இறங்கிய அன்று மாமா காய்ச்சலில் கிடந்தார், கூலிக்கு வந்த ஒருத்தன் பிடித்தான். எனக்கு ஒன்பது வயது. கரைக்கு வெறும் கயிறு வந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான்.

அதனால்தானே கலியாணத்துக்கு முதல் நாள் அந்தோனியார் கோயிலில் வைத்து, இனித் தண்ணீருக்குள் தலையை விடமாட்டேன் என்று உங்களிடம் சத்தியம் வாங்கினேன். சத்தியத்தை வாங்கிக்கொண்டுதான் கழுத்தை நீட்டினேன். முப்பத்தேழு வருடம் காப்பாற்றினீர்கள், மறுக்கவில்லை. மிச்ச ஒன்பது வருடம்?

உங்கள் இருதயம் சரியில்லை என்று டொக்டர் சொன்னதுகூட மரியதாசுக்குத்தான் முதலில் தெரியும். எனக்கு நீங்கள் சொன்னது "வாய்வுக் குத்து" என்று. நாற்பத்தாறு வருடம் உங்களோடு ஒரே கட்டிலில் படுத்தவள் நானா, அவனா?

தம்பியோடு எட்டு மாதம் கதைக்கவில்லை. பொண்டியில் இருக்கிறவன், ஒவ்வொரு ஞாயிறும் வந்து கீழே கதவு மணியை அடிப்பான். நான் திறக்கமாட்டேன். நாலாம் மாடி ஜன்னலால் பார்ப்பேன். லா சப்பல் தமிழ்க் கடைத்தெருச் சனத்துக்கு நடுவில், கையில் ஒரு மரக்கறிப் பையோடு நிற்பான். பையைக் கதவில் கொழுவிவிட்டுப் போவான். முருங்கைக்காயை எடுத்துச் சமைப்பேன், அவனைக் கூப்பிடமாட்டேன். கூடப்பிறந்த ஐந்து பேரில் எனக்கு மிஞ்சியிருப்பது அவன் ஒருத்தன்தான் என்பது எனக்குத் தெரியாதா?

ஸ்தேனில் குடியிருக்கிற நிர்மலா வந்து என் முன்னால் குந்திவிட்டாள். "மாமாவோடை கதைக்காமலே செத்துப்போகப் போறியளோ? அப்பா பார்த்ததை நீங்களும் ஒருக்கா வந்து பாருங்கோ. பார்த்துப்போட்டும் கோவமெண்டால் நான் இனிக் கேக்கமாட்டன்."

"பார்க்கத்தான் வாறன். கதைக்க வரேல்லை" என்றேன். அப்படித்தான் போன ஆனியில் அந்தப் படகில் ஏறினேன்.

யான் யாரென்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் கோப்பை கழுவிய றெஸ்ரோறண்டில் குசினியில் நின்றவன். வேலையிலிருந்து ஓய்வுபெற்று, தன் ஊரான அந்தக் கடற்கரைக்குப் போய்ப் படகு வாங்கியவன். என்னைக் கண்டதும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நிறையக் கதைத்தான். நீங்கள் மூச்சுக்குழாயைக் கவ்விக்கொண்டு தண்ணீருக்குள் முகம் வைத்துப் பாடுவீர்களாம். ஏலேலம் போட்டு வலை இழுக்கிற பாட்டு. அதைக் கேட்டால்தான் பறவைகள் கிட்ட வரும் என்பது உங்கள் நம்பிக்கையாம். அவன் அந்த மெட்டை எனக்கு முனகிக் காட்டினான். ஒரு பிழையில்லை.

வீட்டில் நீங்கள் ஒரு நாளாவது வாய் திறந்து பாடினீர்களா? எனக்குத் தெரியாத உங்கள் பாட்டு ஒரு வெள்ளைக்காரன் வாயில் இருந்தது.

இன்னொன்றும் சொன்னான், பாவம், எனக்குத் தெரியும் என்று நினைத்துச் சொன்னான். மாதா படம் போட்ட போத்தலில் நீங்கள் கொண்டுவந்த லூர்துத் தண்ணீர், அவன் வீட்டுக்கு முன்னால் துறைமுகத்துக் குழாயில் பிடித்ததாம். அந்தத் தண்ணீரில் ஒன்பது வருடம் பேரப்பிள்ளைகளின் நெற்றியில் சிலுவை போட்டேன். கீழ்வீட்டுப் பரமேஸ்வரி, சைவக்காரி, முழங்காலில் தடவித் தடவிப் படியேறத் தொடங்கிவிட்டாள். அவளும் இதை வாசித்துத்தான் அறியப்போகிறாள். முழங்கால் திரும்ப நோகாவிட்டால் சரி.

பாறை தெரிவதற்கு முன்னால் நாற்றம் வந்தது. பிறகு சத்தம். பிறகுதான் பாறை. அதன் விளிம்பெல்லாம் பறவை. கூடும் இல்லை, குச்சியும் இல்லை, வெறும் கல்லில் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு, கறுப்பு முதுகும் வெள்ளை வயிறுமாக. காலை ஏழு மணி மெற்றோ ரயிலில் கிடைக்கும் இடம் இதைவிடப் பெரிது.

"இதுக்குப் பேர் கியெமோ, அம்மம்மா" என்றாள் லேயா.

"தமிழிலை என்ன?"

பின்னாலிருந்து மரியதாஸ் சொன்னான். "அத்தார் கடல்குருவி எண்டுதான் சொல்லுவார்."

நான் நிர்மலாவைப் பார்த்தேன். "நான் உன்ரை மாமனைக் கேக்கேல்லை எண்டு சொல்லு."

"மாமா, அம்மா உங்களைக் கேக்கேல்லையாம்."

"கேட்டது பிள்ளை, எனக்குக் காது கேக்கும்."

பாறைக்குக் கிட்டப் போகக்கூடாதாம். மஞ்சள் மிதவைகளுக்கு இப்பால் யான் இயந்திரத்தை நிறுத்தினான். லேயா அவன் சொன்னதைச் சொல்லிக்கொண்டு வந்தாள். குஞ்சுக்குப் பறக்க வருவதற்கு முன்னமே, மூன்று கிழமையில், தகப்பன் கீழே கடலில் நின்று கூப்பிடுமாம். குஞ்சு பாறையிலிருந்து குதிக்குமாம். தகப்பனும் பிள்ளையுமாக ஆழ்கடலுக்குப் போய்விடுவார்களாம்.

"தாய்?"

"தாய் கொஞ்ச நாள் பாறையிலேயே நிக்குமாம்."

நல்ல ஏற்பாடு. நீங்கள் இதைப் பார்த்துத்தான் படித்தீர்களாக்கும்.

யானிடம் ஒரு பெட்டி இருந்தது. அடியில் கண்ணாடி பொருத்திய மரப்பெட்டி. அதைத் தண்ணீரில் அமுக்கி மேலிருந்து பார்த்தால் கடலுக்குள்ளே தெரியும். மரியதாஸ் அதை வாங்கி என்னிடம் நீட்டினான். "அக்கா, ஒருக்காப் பார்."

"எனக்குக் கண் தெரியாதெண்டு சொல்லு."

"அம்மா, போன மாசம் தானே ஒப்பறேசன் செய்து கண்ணாடியும் மாத்தினது" என்றாள் என் மகள். நீங்கள் பெற்ற பிள்ளை.

விளிம்பில் குனிந்தேன். குனிகிறபோது இடுப்பைச் சுற்றி ஏதோ வந்தது. மரியதாஸ் ஒரு சொல்லும் சொல்லாமல் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். நான் எறிந்த அதே நீலக் கயிறு. எங்கள் பரம்பரையில் பெண்ணுக்கு எவரும் கயிறு கட்டியதில்லை. அவிழ் என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் கதைத்ததாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

முதலில் பச்சை மட்டும்தான் தெரிந்தது. பாசி ஆடியது. பிறகு மேலிருந்து ஊசி குத்தியது போல ஒரு வெள்ளிக் கோடு இறங்கியது. கோட்டின் முனையில் குருவி. அது நீந்தவில்லை. காலால் உதைக்கவும் இல்லை. செட்டையை விரித்துப் பறந்தது. காற்றில் பறக்கும்போது அதே குருவி, பஸ்ஸைத் தவறவிட்டவளைப் போல, பதகளித்துக்கொண்டு பறக்கிறது. தண்ணீருக்குள் போனதும் அந்த அவசரமெல்லாம் எங்கே போனது? ஒரு அடி அடிக்கும், சறுக்கும். ஒரு அடி அடிக்கும், திரும்பும். இறகுக்குள் ஒளிந்திருந்த காற்று முத்து முத்தாகக் கழன்று மேலே வந்தது. என் கண்ணாடியில் தட்டி உடைந்தது.

பின்னால் இன்னும் இரண்டு. பிறகு எத்தனை என்று தெரியவில்லை. ஒன்று எனக்கு நேர் கீழே வந்து சரிந்து ஒற்றைக் கண்ணால் மேலே பார்த்தது, அந்த இடத்தில் யாரோ இருக்கவேண்டும் என்பது போல. என்னைப் பார்த்தது. திரும்பிப் போய்விட்டது.

நீங்கள் என்று நினைத்துத்தானே வந்தது? ஒரு கைப்பிடிக் குருவிமேல் எனக்கு வந்த எரிச்சலை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. இந்தக் கண் உங்கள் முகத்தை ஒன்பது ஆனியாகக் கண்டிருக்கிறது. நான் அந்த நாட்களில் இங்கே குசினிக்குள் நின்று, லூர்தில் உங்களுக்குக் குளிருமே, கம்பளி எடுத்துப் போனீர்களா என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"றெகார்த், அம்மம்மா, றெகார்த்!" என்று லேயா கத்தினாள். "பாருங்கோ, எவ்வளவு!"

அப்போதுதான் முன்னாலிருந்து திரேசாவின் குரல் வந்தது.

"இதென்ன பெரிசே? போன முறை அத்தாரைச் சுத்தி ஒரு கூட்டமெல்லோ நிண்டது."

நிர்மலா அவள் பக்கம் திரும்பினாள்.

"போன முறையோ மாமி?" என்று நிர்மலா மெதுவாகக் கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை... ஒருக்கா... ரண்டு தரம். இவையளுக்குச் சமைக்க ஆளில்லை எண்டு."

நான் பெட்டியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. எடுத்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. இடுப்பில் கயிறு இறுகியது. நான்தான் முன்னுக்குச் சாய்ந்திருக்கிறேன். அவன் விடவில்லை, இழுக்கவும் இல்லை, அளவாகப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்தப் பிடி எனக்குத் தெரிந்த பிடி. கடலுக்குள் இருந்தபடி நீங்கள் நம்பிய பிடி அதுதானே?

எட்டு மாதத்துக்குப் பிறகு என் தம்பியோடு நான் பேசிய முதல் வார்த்தை இது: "விடாதை. உள்ளதைச் சொல்லு, எத்தினை தரம்?"

"நாலு தரம் அக்கா" என்றான். "சொல்லாதை எண்டு அத்தார்..."

"உன்னை நான் அதைக் கேக்கேல்லை. கயித்தைப் பிடி."

நாலு ஆனி. அந்த நாலு ஆனியும் திரேசா ஜெர்மனியில் தமக்கைக்குச் சுகமில்லை என்று சொல்லிப் போனவள். அந்தத் தமக்கைக்காக நான் மெழுகுதிரி கொளுத்தினேன். அவள் இன்றைக்கும் குதிரை மாதிரி இருக்கிறாள். மற்ற ஐந்து ஆனியும் திரேசா என்னோடு லா சப்பல் கடைகளில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு, "மாதா பார்த்துக்கொள்ளுவா மச்சாள், நீங்கள் யோசியாதையுங்கோ" என்று சொன்னவள். முகம் ஒரு சுழிப்புச் சுழித்ததா? இல்லை.

கரைக்கு வந்ததும் யான் வீட்டு முற்றத்தில் நண்டு அவித்து வைத்தார்கள். நீங்கள் இரண்டு பெரிய நண்டை ஓடு மிச்சமில்லாமல் உடைத்துச் சாப்பிடுவீர்களாம், திரேசா வைத்த கறி என்றால் மூன்று நண்டாம். வீட்டில் கொழுப்பு என்று என் நண்டுக்கறியை ஒதுக்கி வைத்தவர் நீங்கள்.

நான் சாப்பிடவில்லை. எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. மரியதாசைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். "தண்ணிக்குள்ளையிருந்து தலையை வெளியிலை எடுக்கேக்கை அவற்றை முகம் எப்பிடி இருந்தது?"

ஏன் கேட்டேன் தெரியுமா? உங்களைக் கண்ட நாளிலிருந்து நீங்கள் கடலிலிருந்து எழும்பியதை நான் பார்த்ததே இல்லை. நானே சத்தியம் வாங்கி, நானே மறித்துவிட்டேன். துடைத்த முகம், சவரம் செய்த முகம், கோப்பை கழுவிக் களைத்த முகம், ஆஸ்பத்திரி முகம் எல்லாம் என்னிடம் இருக்கிறது. அந்த ஒன்று இல்லை.

மரியதாஸ் கயிற்றுச் சுருளைக் கீழே வைத்தான். "பொய் சொல்லமாட்டன் அக்கா. நான் அவற்றை முகத்தைப் பார்க்கேல்லை. கயித்தைத்தான் பார்த்தனான். ஒன்பது வருசமும் கயித்தை விட்டுக் கண் எடுக்கேல்லை."

அந்தச் சொல்லோடு அவன்மேல் இருந்த கோபம் இறங்கிவிட்டது. என்னிடம் வெறும் கயிறு வரக்கூடாதென்று கண் எடுக்காமல் நின்றவனிடம் நான் இன்னும் என்ன கேட்பது? யான் எப்போதும் பின்னால் இயந்திரத்தடியில். அப்படியென்றால் முன்னுக்கு இருந்தவள் ஒருத்திதான். அவளுக்கு நேர் முன்னால்தான் நீங்கள் எழும்பியிருக்கிறீர்கள்.

என் மானத்தை விட்டு அவளிடம் போனேன். அவள் நண்டுக்கால் உறிஞ்சிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்து, நல்ல மாதிரி, அதே கேள்வியைக் கேட்டேன். ஓம் மச்சாள், இப்படி இருந்தது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், நாலு ஆனியையும் தமக்கையின் மெழுகுதிரியையும் அந்த முற்றத்திலேயே விட்டிருப்பேன். மாதா மேல் ஆணை.

அவள் விரலைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அத்தாரை ஆர் மச்சாள் பார்த்தது? நான் குருவியளையெல்லோ பார்த்தனான்."

கேட்டீர்களா? எனக்குக் கிடைக்காத இடத்தில் நாலு தரம் இருந்தவள். பார்க்கவில்லை.

இப்போது மரியதாஸ் ஞாயிற்றுக்கிழமை நாலாம் மாடிக்கு ஏறி வருகிறான். சாப்பிட்டு, உங்கள் கதிரையில் இருந்து குறட்டை விட்டுப் போகிறான். திரேசா கீழே பலகாரக்கடை வாசலில் நிற்கிறாள். "மாமி குளிரிலை நிக்கிறா அம்மா" என்று நிர்மலா கெஞ்சுகிறாள். நீங்கள் இருந்தால் கூப்பிடு என்பீர்கள். நீங்கள் இல்லை.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உங்களைப் போல உடைக்கமாட்டேன். வருகிற ஆனியில் நானும் இறங்குவேன். நீந்தத் தெரியவேண்டியதில்லையாம், மிதக்கிற உடுப்பு இருக்கிறதாம், லேயா எடுத்துத் தருகிறாள். மரியதாஸ் கயிறு பிடிப்பான். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, நீங்கள் பார்த்ததை மேலிருந்து இல்லாமல் உள்ளேயிருந்து பார்ப்பேன். நிர்மலாவை முன்னுக்கு இருத்துவேன். குருவியைப் பார்க்காதை, நான் எழும்பும்போது என் முகத்தைப் பார்த்துச் சொல் என்று சொல்லித்தான் இருத்துவேன். அவள் சொல்வதிலிருந்து உங்கள் முகத்தை நான் கொஞ்சமாவது பிடித்துக்கொள்வேன்.

பிலோமினா
உங்களுக்குப் பெண்சாதி, மரியதாசுக்கு அக்கா.
திரேசாவுக்கு நான் மச்சாள் இல்லை.